ஏழு மாதம் மாற்றாத படம்

தங்கராசா எந்தக் கடிதத்தையும் வந்தவுடன் பிரிப்பதில்லை. முதலில் உறையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். அனுப்பியவர் யார், ஜன்னல் வைத்த உறையா, வைக்காத உறையா என்று பார்ப்பார். மின்சாரக் கட்டணமாக இருந்தாலும் ஒரு நாள் மேசையில் கிடந்த பிறகுதான் பிரிபடும். சிட்னியின் பென்டில் ஹில்லுக்கு வந்து இருபத்தாறு வருடம், குடியுரிமை எடுத்து இருபத்திரண்டு வருடம். அந்தச் சான்றிதழை மற்றவர்கள் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டிவைப்பார்கள். அவர் அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, உடுப்பு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். மாட்டிய எதையும் ஒருநாள் இறக்கவேண்டி வரும் என்பதை அவருடைய பழைய தொழில் அவருக்குக் காட்டியிருந்தது.

அது என்ன தொழில் என்பது மனைவி அருந்ததியைத் தவிர சிட்னியில் ஒருவருக்கும் தெரியாது. மகள் பிரியந்தினிக்குக்கூடத் தெரியாது. அப்பா முருங்கனில் பலசரக்குக் கடை வைத்திருந்தார் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். கடையின் பெயர், அதில் நின்ற தராசு, கடன் சொல்லிவிட்டுப் போன வாடிக்கையாளர்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். அப்படி ஒரு கடை இருந்ததே இல்லை.

உண்மையில் அவர் பியோன். 1977இல், இருபத்தொரு வயதில், மன்னார்ப் பக்கத்து ஏ.ஜி.ஏ. கந்தோர் ஒன்றில் சேர்ந்தவர். பிற்காலத்தில் அதைப் பிரதேச செயலகம் என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் சனம் கடைசிவரை கந்தோர் என்றுதான் சொன்னது. காலையில் கதவு திறப்பது, கொடி ஏற்றுவது, கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோவது, தேநீர் வாங்கி வருவது, பின்னேரம் பூட்டுவது. 1996இல் அங்கிருந்து புறப்பட்டு ஒருவழியாகச் சென்னை போய்ச் சேர்ந்தபோது, அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த ஒருவன் அவரைத் தடுத்தான். அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் என்று எழுதினால் உனக்கு என்ன பயம் என்று கேட்பார்கள், வேறு ஏதாவது எழுது என்றான். அன்றைக்குப் பிறந்ததுதான் முருங்கன் கடை. பயம் உண்மை, தொழில் மட்டும் பொய். இந்தக் கணக்கில் தன்மேல் எவ்வளவு குற்றம் என்று அவர் பலமுறை யோசித்திருக்கிறார். விடை கிடைத்ததில்லை. விடை தேடி மிகவும் அலைந்தார் என்றும் சொல்ல முடியாது.

ஆனால் பத்தொன்பது வருடத் தொழில் ஒரு மனிதனின் உடம்பில் எங்கோ ஓரிடத்தில் தங்கிவிடும். தங்கராசாவுக்கு அது ஜனாதிபதிகளாகத் தங்கியது. கோபல்லாவ, ஜே.ஆர்., பிரேமதாச, விஜேதுங்க, சந்திரிகா என்று எவர் எந்த மாதம் வந்தார், எந்த மாதம் போனார், போனாரா போக்கப்பட்டாரா என்பதெல்லாம் அவருக்கு நாக்கு நுனியில். பிறகு வந்தவர்களையும் சிட்னியில் இருந்தபடியே விடாமல் சேர்த்துக்கொண்டார். கோட்டாபய வந்த கையோடு தன் படத்தைக் கந்தோர்களில் மாட்ட வேண்டாம் என்று சொன்ன செய்தியை வாசித்தபோது, பியோன்மாருக்கு ஒரு வேலை மிச்சம் என்று அருந்ததிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

பென்டில் ஹில்லில் யோகா அக்காவின் மளிகைக் கடையில் இந்த ஞாபகத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. அங்கே வருகிறவர்கள் வருடங்களைத் தொலைத்தவர்கள். தம்பி காணாமல் போனது எந்த வருடம், தாலிக்கொடியை அடகு வைத்தது எந்த வருடம் என்று தடுமாறுவார்கள். அப்போது ஆர் ஜனாதிபதி என்று தங்கராசா கேட்பார். அதை மட்டும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அங்கிருந்து அவர் வருடத்துக்கு இறங்குவார், மாதத்துக்கு இறங்குவார். அது அவருக்குப் பிடித்திருந்தது. எச்சரிக்கையான மனிதனுக்கும் தான் கெட்டிக்காரன் என்று காட்டும் இடம் ஒன்று தேவைப்படுகிறது. அவன் அகப்படுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

போன வருடம் ஆவணியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஓய்வுபெற்ற ஆசிரியர் செந்தில்நாதன் பாரைமீன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, பிரேமதாசவுக்குப் பிறகு நேரே சந்திரிகாதான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கராசாவுக்குப் பொறுக்கவில்லை.

"மாஸ்டர், நடுவில ஒரு மனிசன் ஒண்டரை வருசம் இருந்தது. விஜேதுங்க. பாவம், அந்தாளை ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. சந்திரிகா வந்து ஏழு மாசத்துக்குப் பிறகும் எங்கட கந்தோர்ச் சுவரில அந்தாளின்ர படம்தான் தொங்கினது."

செந்தில்நாதன் சிரித்தார். எங்கட கந்தோரோ, நீங்கள் கடை முதலாளியல்லோ என்று யோகா அக்கா பில் போட்டபடியே கேட்டார். தங்கராசா, ஊர்க் கந்தோரைத்தான் சொன்னேன் என்று சமாளித்தார். சமாளித்துவிட்டுத் திரும்பியபோது, அரிசிமா அடுக்கியிருந்த தட்டுக்குப் பக்கத்தில் ஒருவன் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். ஐம்பது வயதிருக்கும். சப்பாத்திலும் முழங்கையிலும் வெள்ளைத் தூசி. கையில் எடுத்த மாப் பையை அவன் திரும்பத் தட்டில் வைத்தான்.

கார் நிறுத்தும் இடத்தில் அவன் வந்து பிடித்துக்கொண்டான். பெயர் டெஸ்மன்ட். மன்னார் ஆள், வேதக்காரன். 2012இல் படகில் வந்தவன். வீட்டுச் சுவர்களுக்கு ஜிப்ரொக் என்கிற சுண்ணப் பலகை அடிக்கிற வேலை. மனைவி அன்னமலரும் ஒரு மகளும் ஊரில்; பதின்மூன்று வருடமாக முகம் பார்க்கவில்லை. இவ்வளவையும் அவன் ஒரே மூச்சில், பலதடவை சொல்லிப் பழகியவன் சொல்வதுபோலச் சொன்னான். அந்தப் பழக்கமே தங்கராசாவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"தம்பி, உம்மட போன் எங்க?"

அவன் சட்டைப் பையைத் தொட்டான்.

"எடுத்து அந்தக் கார் பொனட்டில வையும். திரை மேல பாக்க வையும்."

டெஸ்மன்ட் வைத்தான். பிறகு தன் கதையைச் சொன்னான்.

1995ஆம் ஆண்டு ஆனி மாதம், சண்டை திரும்பத் தொடங்கிய கையோடு, ஊரில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பு. பிடித்தவர்களில் முப்பது நாற்பது பேரைக் கந்தோர் மண்டபத்தில் இரண்டு நாள் இருத்தி வைத்தார்கள். அங்கிருந்துதான் அவனை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நடந்ததை அவன் சொல்லவில்லை, தங்கராசாவும் கேட்கவில்லை. 2017இல் இங்கே விசா அதிகாரி அவனிடம், அந்த மண்டபத்தைப் பற்றி ஞாபகமிருப்பதைச் சொல்லும்படி கேட்டிருக்கிறார். சுவரில் விஜேதுங்கவின் படம் இருந்தது என்று டெஸ்மன்ட் சொன்னான். யாரும் அதைக் கேட்கவில்லை. உண்மை என்று நம்பவைக்கும் என்று நினைத்து அவனாகவே சொன்னான். அதிகாரி திகதிகளைப் பார்த்தார். விஜேதுங்க 1994 கார்த்திகையிலேயே போய்விட்டார். ஆகவே படம் பொய், மண்டபம் பொய், பிடித்தது பொய். வழக்கு பல வருடம் இழுபட்டு, இப்போது நீதிமன்றம் திரும்ப விசாரிக்கும்படி அனுப்பியிருந்தது. ஐப்பசியில் விசாரணை. அதுவும் தவறினால் அவனை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"ஏழு மாசம் தொங்கினது எண்டு நீங்கள் சொன்னியள் அண்ணை. அதை ஒரு கடதாசியில எழுதித் தந்தால் போதும்."

தங்கராசாவின் மனம் பல திசையில் ஓடியது. இவனை யார் அனுப்பினார்கள்? இமிகிரேஷன்காரர் இப்படி ஆள் வைத்துப் பழைய கோப்புகளைக் கிண்டுவதாக ஒரு கதை அடிபட்டது. அல்லது அன்று மண்டபத்தில் தன்னைக் கண்டவனா? இராணுவத்தோடு நின்றவன் என்று எங்கேயாவது சொல்லப்போகிறானா? அவர் அந்த இரண்டு நாளும் தண்ணீர் வாளியும் குவளையுமாகத்தான் நடந்தார். ஆனால் பிடிபட்டு இருந்தவனின் கண்ணுக்கு, கையில் சாவிக்கொத்து வைத்திருந்தவன் எப்படித் தெரிந்திருப்பான்?

அவர் ஒரு சோதனை வைத்தார். "படத்தின்ர கண்ணாடி எப்பிடி இருந்தது?"

வலதுபக்கக் கீழ்மூலையில் கண்ணாடி வெடித்து, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் அவர். மண்டபத்தில் இரண்டு நாள் இருந்தவன் அதைக் காணாமல் இருந்திருக்க முடியாது.

டெஸ்மன்ட் யோசித்தான். "கண்ணாடி ஞாபகமில்லை அண்ணை."

தங்கராசாவுக்கு ஒரு நிம்மதி வந்தது. கள்ளன். கார்க் கதவைத் திறந்து ஏறினார். திறப்பைப் போடும்போது டெஸ்மன்ட் குனிந்து ஜன்னலோடு பேசினான்.

"எங்களைச் சுவரோட நிலத்தில இருத்தினவை. நான் படத்துக்கு நேர கீழ. எனக்குத் தெரிஞ்சது அடிப்பக்கம்தான். படம் வயிறு தள்ளிக்கொண்டு நிண்டது. பின்பலகை இல்லை. விஜேதுங்கவுக்குப் பின்னால வேற படங்களின்ர விளிம்பு தெரிஞ்சது. மூண்டு. எண்ணினனான். ரெண்டு நாளும் வேற என்ன செய்யிறது?"

தங்கராசா காரை இயக்கவில்லை. பிறகு, தனக்கு ஒன்றும் தெரியாது, யாரோ சொல்லக் கேட்டதைத்தான் கடையில் சொன்னேன் என்றார். டெஸ்மன்ட் வாதாடவில்லை. மடித்த ஒரு தாளை ஜன்னலுக்குள்ளால் இருக்கையில் வைத்தான். தீர்ப்பின் ஒரு பக்கம், பிரதி. கீழே ஒரு தொலைபேசி இலக்கம் எழுதியிருந்தது.

மூன்று விளிம்பு. சரியாக மூன்று.

1978 மாசியில் ஜே.ஆர். ஜனாதிபதியானதும் மாவட்டத் தலைமைக் கந்தோரான கச்சேரியிலிருந்து பழுப்புத் தாளில் சுருட்டிய படம் வந்தது. கோபல்லாவவை எடுத்துவிட்டு இவரைப் போடும்படி தலைமை எழுதுவினைஞர் சொன்னார். புதுப் படத்தின் தாள் மெல்லியது, பிரேமுக்குள் ஆடியது. இளம் தங்கராசா பழையதை எடுக்காமல் அதன்மேல் புதியதை வைத்து அடித்தார். படம் இறுகி நின்றது. பெரியவர்கள் எவரும் கவனிக்கவில்லை. 1989இல் பிரேமதாச வந்தபோதும் அதையே செய்தார். அப்போது அது வசதிக்காக மட்டும் அல்ல. அந்த வருடங்களில் கந்தோருக்குப் பல தரப்பும் வந்து போயின. ஒரு தரப்பு மாட்டச் சொன்னதை மற்றத் தரப்பு இறக்கச் சொன்னது. எதையும் எறிந்துவிடக் கூடாது, எவன் திரும்பி வருவான் என்று யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு அவருக்குள் ஊறியிருந்தது. 1993இல், மே தினத்தன்று கொழும்பில் குண்டு வெடித்துப் பிரேமதாச போய், ஒரு கிழமைக்குள் விஜேதுங்க வந்தார். அவருடைய படம் நாலாவது. பின்பலகையைக் கழற்றிய பிறகுதான் அடங்கியது. குறுக்கே இரண்டு ஆணி அடித்து நிறுத்தினார்.

சந்திரிகாவின் படம் 1994 மார்கழியில் வந்தது. கூடவே ஒரு படிவம்: படம் மாட்டப்பட்டது என்று நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். பிரேமில் இனி இடமில்லை. புது பிரேமுக்குக் கச்சேரிக்கு எழுத வேண்டும். எழுதினால், பழைய படங்கள் எங்கே என்று ஒரு கேள்வி வரும். அதோடு இன்னொன்றும் இருந்தது. அதைத்தான் அவர் பிற்காலத்தில் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. ஊர் முழுக்க அப்போது சமாதானம் வருகிறது என்று கொண்டாடியது. புது ஜனாதிபதியின் பெயரைச் சொல்லி வளையல்கூட விற்றார்கள். தங்கராசா நம்பவில்லை. ஒன்றரை வருடத்தில் ஒருவர் கொல்லப்பட்டு, ஒருவர் வந்து போய்விட்டார். இவர் மட்டும் நிலைப்பார் என்று என்ன நிச்சயம்? முதலில் இருந்து காட்டட்டும், பிறகு மாட்டுவோம் என்று அவர் படத்தைச் சுருட்டியபடியே இரும்பு அலுமாரிக்குள் வைத்தார். படிவத்தில் மட்டும் "மாட்டப்பட்டது" என்று எழுதி, மற்றக் கடிதங்களோடு சேர்த்து அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினார். அதிகாரி சுவரை அண்ணாந்து பார்க்கும் ஆள் அல்ல. ஆனியில் சுற்றிவளைப்பு முடிந்து, ஒரு இராணுவ அதிகாரி படத்தைப் பார்த்துக் கத்திய பிறகுதான், ஆடி மாதம் புது பிரேமில் சந்திரிகா சுவருக்கு வந்தார்.

ஆகவே அந்தச் சுவரைப் பற்றி எங்காவது ஒரு ஆவணம் இருக்குமானால், அது டெஸ்மன்டைப் பொய்யன் என்றே சொல்லும். அதை எழுதியது தங்கராசாவின் கை.

வீட்டில் அருந்ததி தாளை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு ஓடாது. ஆனால் தங்கராசா நடந்ததைச் சொன்னதும் விஷயம் ஓடியது.

"இஞ்ச பாருங்கோ. உங்களுக்கு அந்தப் பெடியன் ஆர்? நீங்கள் அங்க பியோனா இருந்தனான் எண்டு கையெழுத்து வச்சால், இஞ்ச கடைக்காரன் எண்டு எழுதினது என்னாகும்? எங்கட சிட்டிசன்ஷிப்பைக் கேக்க மாட்டாங்களோ?"

கேட்பார்களா மாட்டார்களா என்பது தங்கராசாவுக்குத் தெரியாது. தெரியாததுதான் பயம். டின்னுக்குள் இருக்கும் சான்றிதழில் மூன்று பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள்: அவர், மனைவி, ஐந்து வயதில் கைபிடித்துக் கூட்டிவந்த மகள். அவர் கையெழுத்து வைப்பதில்லை என்று முடிவெடுத்தார். அருந்ததி தாளை மடித்துக் குசினி லாச்சிக்குள் போட்டார்.

மூன்று கிழமை அது அங்கேயே கிடந்தது. முதலில் டெஸ்மன்டைக் கள்ளன் என்று நினைத்துப் பார்த்தார். அந்த மூன்று விளிம்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. சந்தேகம் அவருக்கு இத்தனை வருடம் ஒரு காவலாக இருந்தது. ஒருவனை நம்பாதவரை அவனுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இப்போது நம்பிவிட்டார், விருப்பமில்லாமலே.

பிறகு ஒரு நாள் அருந்ததி கோயிலுக்கு ஹெலன்ஸ்பர்க் போயிருந்த நேரம் தாளை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல் சொல்லாக வாசித்தார். ஒரு வசனத்தில் நின்றுவிட்டார். அரசாங்க அலுவலகமொன்று பதவியிழந்த ஜனாதிபதியின் படத்தை ஏழு மாதம் தொடர்ந்து வைத்திருக்கும் என்பது நம்பத்தக்கது அல்ல என்று எழுதியிருந்தது. எழுதியவர் அந்தக் கந்தோரைக் கண்டதில்லை. அந்த ஆணிகளைக் கண்டதில்லை. அரசாங்கம் என்றால் ஒழுங்கு, ஒழுங்கு என்றால் உண்மை என்று நினைக்கிற ஒரு நாட்டில் பிறந்தவர். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனாலும் தங்கராசாவுக்குக் கோபம் வந்தது. பத்தொன்பது வருடம் தான் துடைத்த சுவரைப் பற்றி, அது அப்படி இருந்திருக்காது என்று ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

அந்தக் கோபத்தோடுதான் அவர் தொலைபேசியை எடுத்தார். அது இரக்கம் என்று சொன்னால் மிகையாகிவிடும். இரக்கமும் அதில் ஒரு பங்கு என்று மட்டும் சொல்லலாம்.

பரமட்டாவில் ஒரு இலவச சட்ட உதவி அறையில் சுஜீதன் என்ற இளம் வழக்கறிஞர் இருந்தார். இங்கே பிறந்து வளர்ந்தவர். தமிழ் உடைந்து உடைந்து வந்தது. தங்கராசா எல்லாவற்றையும் சொன்னார், முருங்கன் கடை உட்பட. பிரச்சினை வராது, யோசிக்காதீர்கள் என்று அவர் சொல்வார், அப்படிச் சொல்கிறவரை நம்பத் தேவையில்லை, எழுந்து போய்விடலாம் என்று தங்கராசா காத்திருந்தார். சுஜீதன் அப்படிச் சொல்லவில்லை.

"அங்கிள், நான் டெஸ்மன்ட் அங்கிளின்ர லோயர். உங்கட லோயர் இல்லை. உங்கட ஃபைலை அவை பாக்கலாம், பாக்காமலும் விடலாம். ரிஸ்க் இல்லை எண்டு நான் சொல்ல மாட்டன். வேற ஒராளிட்ட தனியக் கேட்டுட்டு வாங்கோ."

ஆயுளில் முதல் தடவையாக ஒருவன் தனக்குப் பயத்தைக் குறைக்காமல் உண்மையைச் சொன்னதாகத் தங்கராசாவுக்குப் பட்டது. வேறு ஒரு பெண் வழக்கறிஞரிடம் போய்க் கேட்டார். அந்த அம்மாவும், அது மிகப் பழைய விஷயம், சாத்தியம் குறைவு, ஆனால் பூச்சியம் அல்ல என்றார். பூச்சியம் அல்ல என்பது அவருக்கு விளங்குகிற மொழி. அவருடைய வாழ்க்கையில் எதுவும் பூச்சியமாக இருந்ததில்லை.

சுஜீதன் சத்தியக் கடதாசியை ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினார், இரண்டு பக்கம். இங்கேதான் சிக்கல் வந்தது. சுஜீதனை நம்பினார், ஆனால் அவர் எழுதிய ஆங்கிலத்தை நம்பவில்லை. தான் சொல்லாத ஒரு சொல் அதற்குள் புகுந்திருக்கலாம். வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். யோகா அக்காவிடம் கொடுத்தால் திங்கட்கிழமை ஊருக்கே தெரியும். செந்தில்நாதன் திருத்தம் செய்வார். எண்ணிப் பார்த்தால், தன் கையெழுத்தை ஒப்படைக்கும் அளவுக்கு அவர் நம்பியது உலகத்தில் ஒரே ஒருவரைத்தான். அந்த ஒருவரிடம்தான் அவர் இருபத்தாறு வருடம் பொய் சொல்லியிருந்தார்.

பிரியந்தினி வென்ற்வேர்த்வில்லில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி தவறினாலும் பிடிப்பவள். ஞாயிற்றுக்கிழமை வந்தவளிடம் தாளைக் கொடுத்துவிட்டு, தங்கராசா எதிரே கதிரையில் இருந்தார். அருந்ததி குசினியிலிருந்து வெளியே வரவில்லை.

அவள் முதல் பந்தியிலேயே நிமிர்ந்தாள். திரும்பக் குனிந்து முடிவுவரை வாசித்தாள். பிறகு தாளை மேசையில் வைத்து, விரலால் ஒரு வரியைத் தொட்டாள்.

"ஃப்ரம் நைன்டீன் செவன்ட்டி செவன், ஆஃபிஸ் பியோன். இது நீங்களா?"

"ஓம்."

"அப்ப கடை?"

"கடை இல்லை."

"அந்தத் தராசு? கடன் வாங்கிப்போட்டுக் குடுக்காம ஓடின அந்தோனி?"

"அந்தோனி உண்மை. அவன் கந்தோரில கிளார்க். என்னட்டத்தான் கடன் வாங்கினவன்."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், ஆனால் சிரிக்கவில்லை. தன் பள்ளிக்கூடத்தில், குடும்ப வரலாறு என்று கடையைப் பற்றி எழுதிப் பரிசு வாங்கியதை ஆங்கிலத்தில் சொன்னாள். தங்கராசாவுக்கு அது ஞாபகம் இருந்தது. அந்தக் கட்டுரைக்குத் தராசின் படம் வரைந்து கொடுத்ததே அவர்தான்.

"வேற என்ன அப்பா? வேற என்ன பொய்?"

"வேற ஒண்டும் இல்லை."

அது உண்மை. ஆனால் சொன்ன கணத்திலேயே அந்தச் சொல் எப்படிக் கேட்டது என்பது அவருக்குத் தெரிந்தது. மகள் அவரைப் பார்த்த பார்வையை அவர் முன்பு கண்டதில்லை, விசா அதிகாரியிடம் டெஸ்மன்ட் கண்டிருப்பான். அந்தப் பார்வைக்கு முன்னால் உண்மையைச் சொன்னவனுக்கு, அதை இன்னும் எப்படிச் சொல்வது என்று வழி தெரிவதில்லை.

அவள் பேனாவை எடுத்தாள். இரண்டாம் பக்கத்தில், தங்கராசா கவனக்குறைவால் படத்தை மாற்றவில்லை என்று இருந்ததைக் காட்டினாள். இது சரியா என்று கேட்டாள். இல்லை என்றார். புது ஜனாதிபதி நிலைப்பார் என்று நம்பவில்லை, அதனால் வேண்டுமென்றே மாற்றவில்லை, மாற்றியதாகப் பொய்ப் படிவமும் எழுதினேன் என்றார். அப்படி எழுதினால் நீங்கள் இன்னும் மோசமான ஆளாகத் தெரிவீர்கள் என்று அவள் எச்சரித்தாள். அவர் யோசித்துவிட்டு, அப்படியே எழுது என்றார். அவள் வெட்டி எழுதினாள்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்தில், சத்தியக் கடதாசிகளுக்குச் சாட்சியாக ஒப்பமிட ஒரு மூலை மேசையில் இருந்த ஜே.பி. முன்னால் அவர் கையெழுத்து வைத்தார். இதில் உள்ளது உண்மையா என்று அந்த வெள்ளைக்காரக் கிழவர் கேட்டார். யெஸ் என்றார் தங்கராசா. தாளைக் கொடுக்குமுன் ஒருமுறை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

ஐப்பசி விசாரணையில் அவரை இருபது நிமிடம் கேட்டார்கள். பதினைந்து நிமிடம் பிரேமைப் பற்றி. ஆணிகள் எத்தனை, படங்கள் எந்த ஒழுங்கில், ஏன் எறியவில்லை. உங்கள் விண்ணப்பத்தில் கடைக்காரர் என்று இருக்குமே என்று ஒரே ஒரு கேள்வி வந்தது. ஓம், அது பொய் என்றார். கேட்டவர் அதைக் குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்பது இன்றுவரை தங்கராசாவுக்குத் தெரியாது.

மார்கழியில் டெஸ்மன்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. யோகா அக்காவின் கடை வாசலில் வைத்து அவன் சொன்னபோது, தங்கராசா முதலில் கடிதத்தைக் காட்டச் சொன்னார். திகதியைப் பார்த்தார், இலக்கத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். அன்னமலரையும் மகளையும் கூப்பிட இன்னும் ஒரு வருடம் போகலாம், கூடவும் போகலாம் என்றான் டெஸ்மன்ட்.

"இன்னொண்டு சொல்லவேணும் அண்ணை. உங்களை அண்டைக்குக் கடையில கண்ட உடனேயே தெரியும். தண்ணி தந்தது நீங்கள்தான். ரெண்டாம் குவளை கேட்டதுக்கு எனக்குப் பேச்சும் விழுந்தது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீங்கள் காரை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பியள்."

அது சரிதான். தங்கராசா அவனை மேலும் கீழும் பார்த்தார். இவனும் எல்லாவற்றையும் சொல்கிறவன் அல்ல என்று கண்டதில் அவனைப் பற்றி இருந்த அபிப்பிராயம் கொஞ்சம் உயர்ந்தது.

அவருக்கென்று ஒரு கடிதமும் இதுவரை வரவில்லை. தபால் பெட்டியை முன்பு ஒரு நாளைக்கு ஒருமுறை பார்ப்பவர், இப்போது இரண்டுமுறை பார்க்கிறார். பிஸ்கட் டின் அதே இடத்தில் இருக்கிறது. ஜன்னல் வைத்த உறை வந்தால் அருந்ததி குசினியில் சட்டியைத் தேய்ப்பதை நிறுத்திவிடுகிறார். ஏன் கையெழுத்து வைத்தீர்கள் என்று மட்டும் அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

பிரியந்தினி முன்போலவே ஞாயிறுகளில் வருகிறாள். போன கிழமை சாப்பிடும்போது, பேசாலைக் கரையில் ஒருதரம் மூன்று பேர் சேர்ந்து தூக்கிய ஒரு சுறாவைப் பற்றித் தங்கராசா சொல்லத் தொடங்கினார். இரண்டு கைகளையும் அகட்டி நீளம் காட்டினார். அவள் சோற்றைப் பிசைந்தபடி, அது எந்தக் காலம் என்று கேட்டாள். சந்திரிகா காலம் என்றார்.

"சுவரில படம் போட்டதுக்கு முன்னமோ அப்பா, பிறகோ?"

அருந்ததி சிரித்துவிட்டார். தங்கராசா சிரிக்கவில்லை. அகட்டிய கைகளை அப்படியே வைத்துக்கொண்டு, மாதங்களை மனதுக்குள் எண்ணினார். பிறகு முன்னம் என்றார். சற்று யோசித்து, கைகளை ஒரு சாண் குறைத்தார்.